கடனுக்கு ஜெயிலுக்குப் போன ஐயர்! அவர் பெயரில் ஒரு பள்ளிக்கூடம்!

சென்னை புரசைவாக்கத்தில் "பெப்ரிசியஸ் பள்ளிக்கூடம்" என்றால் ஆட்டோக்காரர் மறு பேச்சு பேசாமல் வண்டியைக் கிளப்புவார். பெயர் வாயில் நுழைவதுதான் கொஞ்சம் கஷ்டம்.

பெப்ரிசியஸ் என்பது யார்? கேட்டுப் பாருங்கள். "யாரோ வெள்ளைக்காரர்" என்று பதில் வரும்.

வெள்ளைக்காரர்தான். ஆனால் கவர்னர் அல்ல. கலெக்டரும் அல்ல. கடனைக் கட்ட முடியாமல் சிறையில் கிடந்த ஒரு பாதிரியார்!

பள்ளிக்கூடத்துக்குப் பெயர் வைக்கும்போது பணம் கொடுத்த பிரபுவின் பெயரை வைப்பது ஊர் வழக்கம். பணத்தைத் தொலைத்தவர் பெயரை வைத்தது லுத்தரன் சபைக்காரர்கள்தான்.

வேப்பேரி ஐயர்

லுத்தரன் சபையில் குருவை "ஐயர்" என்றுதான் சொல்வார்கள். இது தரங்கம்பாடி காலத்துப் பழக்கம். 1706-ல் அங்கே வந்து இறங்கிய சீகன்பால்கு ஐயர் மறு ஆண்டே பள்ளிக்கூடம் திறந்து விட்டார். பெண் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம்! பைபிளை அவரவர் பாஷையில் அவரவரே படிக்க வேண்டும் என்பது லுத்தரன் கொள்கை. படிக்க வேண்டுமானால் எழுத்து தெரிய வேண்டுமே! அதனால் கோவிலுக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடமும் எழும்பி விடும்.

அந்த வழியில் வந்தவர்தான் யோகான் பிலிப் பெப்ரிசியஸ். 1711-ல் ஜெர்மனியில் பிறந்தார். 1740-ல் இந்தியா வந்தார். 1742-ல் சென்னைக்கு வந்தவர் கடைசி வரை ஊர் திரும்பவில்லை. கல்யாணமும் செய்து கொள்ளவில்லை.

அந்தக் காலத்துச் சென்னை நிம்மதியான ஊர் அல்ல. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1758-ல் மறுபடியும் முற்றுகை. வேப்பேரியில் கொள்ளை. ஐயர் பழவேற்காட்டுக்கு ஓட வேண்டியதாயிற்று.

இந்த ஓட்டத்துக்கு நடுவில்தான் பைபிளைத் தமிழில் பெயர்த்தார். எழுதியதைப் படித்தவர்களுக்கும் வாசித்துக் காட்டுவார். படிக்காதவர்களுக்கும் வாசித்துக் காட்டுவார். "புரிகிறதா?" என்று கேட்பார். புரியவில்லை என்றால் திருத்தி எழுதுவார். பத்திரிகை ஆபீசில் இருக்கிற எங்களுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் பொறாமைதான்!

1761-ல் பாண்டிச்சேரி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அங்கே கிடைத்த அச்சு எந்திரம் வேப்பேரிக்கு வந்து சேர்ந்தது. கம்பெனிக்கு வேண்டியதையும் அச்சடித்துக் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை. அதில்தான் 1779-ல் பெப்ரிசியசின் தமிழ்-ஆங்கில அகராதி வெளிவந்தது. சுமார் 9,000 சொற்கள்! அப்போது வெள்ளைக்காரர்கள் தமிழை "மலபார் பாஷை" என்று சொல்வார்கள். அகராதியின் தலைப்பிலும் அப்படித்தான் இருக்கிறது.

வட்டிக்குப் போன பணம்

சொல்லுக்குச் சொல் கணக்குப் பார்த்தவர் காசுக்குக் கணக்குப் பார்க்கவில்லை. மிஷன் பணமும், மற்றவர்கள் நம்பி ஒப்படைத்த பணமும் அவர் கையில் இருந்தது. வட்டி வந்தால் ஊழியத்துக்கு ஆகுமே என்று ஆற்காடு நவாப் வட்டாரத்தில் கடன் கொடுத்தார். நவாப் வட்டாரத்துக் கடன் எந்த லட்சணத்தில் திரும்பும் என்பது அன்றைய சென்னையில் எல்லாருக்கும் தெரியும். ஐயருக்கு மட்டும் தெரியவில்லை!

வட்டியும் போச்சு. முதலும் போச்சு. பணம் கொடுத்தவர்கள் விடுவார்களா? தள்ளாத வயதில் சிறைக்குப் போனார். ஒரு முறை அல்ல, பல முறை. 1788-ல் நாகப்பட்டினத்தில் இருந்து கெரிக்கே ஐயர் வந்து பொறுப்பை வாங்கிக் கொண்டார். 1791 ஜனவரி 23-ந் தேதி பெப்ரிசியஸ் காலமானார். அதற்கு முந்தின நாள்தான் அவருக்கு 80 வயது நிறைந்தது.

அகராதி மட்டும் சாகவில்லை. தரங்கம்பாடியில் திருத்தித் திருத்தி அச்சிட்டார்கள். 1972-ல் நாலாம் பதிப்பு வந்தது. இப்போது கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம்.

இன்று இந்தப் பள்ளிக்கூடத்தை நடத்துவது தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை. முதல் உலகப் போரில் ஜெர்மன் பாதிரிமார் இங்கே இருக்க முடியாமல் போனது. சுவீடன்காரர்கள் வந்து தாங்கிப் பிடித்தார்கள். 1919-ல் தமிழர்களின் சொந்தத் திருச்சபையாக ஆனது.

காலை மணி

நானும் ஒரு லுத்தரன் பள்ளிக்கூடத்தில் படித்தவன்தான். புரசைவாக்கத்தில் அல்ல, தஞ்சைப் பக்கம். ஊர்ப் பெயர் வேண்டாம்.

காலையில் மணி அடித்ததும் அசெம்பிளி. முதலில் ஒரு பாட்டு. ஜெர்மன் ராகத்தில் ஞானப்பாட்டு ஒரு நாள். நம்ம ஊர் ராகத்தில் கீர்த்தனை ஒரு நாள். பிறகு வேத வாசிப்பு. அப்புறம் பரமண்டல ஜெபம். எங்கள் வகுப்பில் பாதிக்கு மேல் இந்துப் பிள்ளைகள். முஸ்லிம் பையன்களும் உண்டு. ஜெபம் எல்லாருக்கும் மனப்பாடம்! கணக்கு வாய்ப்பாட்டை விட அது எங்களுக்கு நன்றாக வரும்.

"மதம் மாற்றி விடுவார்களோ" என்று என் பாட்டிக்கு பயம். அப்பா சிரித்து விட்டார். வேதபாடம் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு. அதே நேரத்தில் எங்களுக்கு நீதிபோதனை வகுப்பு. தென்னாலிராமன் கதையும் வரும், நல்ல சமாரியன் கதையும் வரும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. சிறுபான்மையினர் பள்ளிக்கூடம் நடத்த அரசியல் சட்டத்தின் 30-வது பிரிவு உரிமை கொடுத்திருக்கிறது. அரசாங்கப் பணம் வாங்கும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை மதபோதனைக்கு உட்கார வைக்கக்கூடாது என்கிறது 28-வது பிரிவு. இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே இருக்க வேண்டும். அது அந்தந்த ஹெட்மாஸ்டரின் சாமர்த்தியம்.

பந்தியில் தகராறு

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். லுத்தரன் சபையின் சரித்திரத்தில் சாதி ஒரு பெரிய தகராறு. கோவிலில் சேர்ந்து உட்காருவதா, தனியாகவா? விடுதிப் பந்தியில் ஒரே வரிசையா, இரண்டு வரிசையா?

1833-ல் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் ஒரு கடிதம் எழுதினார். "சபைக்குள் சாதி கூடவே கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லி விட்டார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் ஒரே கொந்தளிப்பு! பலர் கோவிலை விட்டே வெளியேறினார்கள். பிறகு ஜெர்மனியில் இருந்து லீப்சிக் மிஷன் வந்தது. "சாதி தப்புதான். ஆனால் ஒரே நாளில் வெட்ட வேண்டாம், விட்டுப் பிடிக்கலாம்" என்பது அவர்கள் போக்கு. வெளியேறியவர்களில் பலர் அவர்களிடம் போய்ச் சேர்ந்தார்கள். விட்டார்கள், பிடித்தார்களா என்பது இன்றைக்கும் கேட்கப்படுகிற கேள்வி.

மற்றவர்களை மட்டும் சொல்வானேன்? என் கதையும் இருக்கிறது.

எட்டாம் வகுப்பில் ஒருவன் என் பக்கத்து இடம். சேரியில் இருந்து வருபவன். கிறிஸ்தவன். ஒரு நாள் மதியம் வேப்பமரத்தடியில் டிபன் பாக்சைத் திறந்தேன். அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். நான் டிபன் பாக்சை ஒரு முழம் நகர்த்தி வைத்தேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கை தானாக நகர்த்தியது.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. தூக்குச் சட்டியை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

அன்று காலையில்தான் இரண்டு பேரும் ஒரே வரிசையில் நின்று ஜெபம் சொன்னோம். அந்த ஜெபத்தில் "எனக்கு" என்று ஒரு சொல் கிடையாது. எல்லாமே "எங்களுக்கு"தான். மறுநாள் அசெம்பிளியில்தான் அது என் காதில் விழுந்தது. அதுவரை நூறு தடவை சொல்லியிருப்பேன்.

முருங்கைக்காய் ஏலம்

அந்த வருஷம் அறுப்பின் பண்டிகை வந்தது. விளைச்சலில் முதல் பங்கைக் கோவிலுக்குக் கொண்டு வருவார்கள். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம். பூசணிக்காய், வாழைத்தார், சேவல், முட்டை... பொருள் எட்டணாதான் பெறும், ஏலம் ஐந்து ரூபாய்க்குப் போகும்! எடுத்தவர் அதையே திரும்பக் கொடுப்பார். மறுபடியும் ஏலம்! கடைத்தெரு முதலாளிகளும் வந்து கேட்பார்கள். இந்த வேடிக்கைக்காகவே நாங்கள் எல்லாம் போவோம்.

அவன் அம்மா ஒரு கட்டு முருங்கைக்காய் கொண்டு வந்திருந்தார். ஹெட்மாஸ்டர் விடாமல் கேட்டு, கடைசியில் அவரே எடுத்தார். கட்டை அப்படியே விடுதி சமையற்காரரிடம் கொடுத்து விட்டார். "வந்திருக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் இன்னைக்கு இங்கதான் சாப்பாடு" என்றார்.

வராந்தாவில் ஒரே நீளப் பந்தி. தேடிப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. அந்த வயசில் அது வாயில் வரவில்லை.

"காய் எங்க வீட்டு மரம்டா" என்றான்.

நான் இரண்டாம் தடவையும் சாம்பார் வாங்கினேன்.