தொழிற்சாலைக் கையுறை: தேர்வும் அளவும்

தொழிற்சாலைக் கையுறை என்பது வேலையின்போது வெட்டு, உராய்வு, வெப்பம், குளிர், வேதிப்பொருள், மின்சாரம் ஆகியவற்றிலிருந்து கையைக் காக்க அணியப்படும் உறை ஆகும். தொழிலாளர் பேச்சில் இது 'கிளவுஸ்' எனப்படுகிறது. எல்லா ஆபத்துகளுக்கும் பொருந்தும் ஒரே கையுறை கிடையாது. ஒரு வேலையில் விரலைக் காக்கும் கையுறை, வேறொரு வேலையில் அதே விரலை இழக்கக் காரணமாகலாம். ஆகவே கையுறையை எடுக்கும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிய வேண்டும். இந்த வேலைக்குக் கையுறை அணியலாமா? அணியலாம் என்றால் எந்த வகை? அது என் கைக்குச் சரியான அளவா?

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் நடைபெறும் வேலைகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை இவற்றை விளக்குகிறது. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படிப்பு முடித்துத் தொழில் பழகுநராகச் செல்லும் மாணவர்களுக்கு இது குறிப்பாகப் பயன்படும்.

தொழிற்பகுதியும் கைவேலையும்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் ஆகிய இடங்களில் சிப்காட் தொழிற்பூங்காக்கள் அமைந்துள்ளன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998 இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபேன் கண்ணாடித் தொழிற்சாலை 2000 இல் உற்பத்திக்கு வந்தது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் கார் ஆலை 2010 இலும், டெய்ம்லர் சரக்குந்து ஆலை 2012 இலும், ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை 2013 இலும் திறக்கப்பட்டன. இவற்றுடன் டயர், கைப்பேசி, மின்னணுப் பொருள்கள், வாகன உதிரிபாகங்கள் ஆகியவற்றைச் செய்யும் ஆலைகளும் கிடங்குகளும் உள்ளன.

இதனால் ஒரு சில கிலோமீட்டர் தொலைவுக்குள்ளேயே தகடு வெட்டுதல், பற்றவைப்பு, பெயிண்ட் அடித்தல், கண்ணாடி கையாளுதல், நுண்பாகங்களைப் பொருத்துதல் என முற்றிலும் வேறுபட்ட கைவேலைகள் நடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கையுறை வேறு.

கையின் மதிப்பு

கை இழப்பைச் சட்டம் எண்ணாலேயே அளக்கிறது. 1923 ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை, உறுப்பு இழப்பால் குறையும் சம்பாதிக்கும் திறனை விழுக்காட்டில் தந்தது. கட்டைவிரலை இழந்தால் 30, சுட்டுவிரலை முழுமையாக இழந்தால் 14, நடுவிரலை முழுமையாக இழந்தால் 12, ஒரு கையின் நான்கு விரல்களையும் இழந்தால் 50 விழுக்காடு என அது கணக்கிட்டது. கட்டைவிரலுக்கு மிகுந்த மதிப்பு தரப்படுவதற்குக் காரணம் உண்டு. மற்ற விரல்களுக்கு எதிராக அது வந்து நின்றால்தான் ஸ்பேனரையோ பேனாவையோ பிடிக்க முடியும்.

வாகன உதிரிபாகத் துறையில் காயமடைந்தவர்களைப் பற்றி 'சேஃப் இன் இந்தியா' என்ற அமைப்பு 2019 முதல் 'கிரஷ்டு' என்ற பெயரில் அறிக்கைகள் வெளியிட்டு வருகிறது. பவர் பிரஸ் இயந்திரத்தில் விரல் நசுங்குவது அவற்றில் திரும்பத் திரும்பப் பதிவாகும் விபத்தாகும்.

கையுறை அணியக்கூடாத வேலைகள்

சுழலும் இயந்திரத்தின் அருகே கையுறை அணியக்கூடாது. துளையிடும் இயந்திரம், லேத், மில்லிங் இயந்திரம் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. வெறும் விரல் சுழலும் துரப்பணத்தில் பட்டால் தோல் கிழியும். பெரும்பாலும் கையை இழுத்துக்கொள்ள முடியும். கையுறையின் நூலோ நுனியோ பட்டால் துரப்பணம் அதைச் சுற்றிக்கொண்டு கையையும் சேர்த்து இழுக்கும். நிமிடத்திற்கு 600 சுற்று சுழலும் துரப்பணம் நொடிக்கு 10 சுற்று சுற்றுகிறது. மனிதர் ஒரு ஆபத்தை உணர்ந்து கையை இழுக்க ஏறக்குறைய கால் நொடி ஆகும். அதற்குள் அது இரண்டு சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். இறுக்கமான, வலுவான கையுறை எளிதில் கிழியாது என்பதால் அது இன்னும் ஆபத்தானது. லேத்தில் சேரும் உலோகச் சுருள்களைக் கையுறை அணிந்து அள்ளுவதும் தவறு. இயந்திரத்தை நிறுத்தியபின் தூரிகை அல்லது கொக்கியால் அகற்ற வேண்டும்.

மோதிரத்திற்கும் இதே விதி பொருந்தும். கையுறைக்குள் மோதிரம் இருந்து, கையுறை எதிலாவது மாட்டினால் விரலின் தோலும் சதையும் உரிந்துவிடும்.

பவர் பிரஸ்ஸில் நிலைமை வேறு. அங்கே கையுறை கையை இழுப்பதில்லை. ஆனால் காப்பதும் இல்லை. பல டன் விசையுடன் இறங்கும் அச்சுக்கு முன் தோல் கையுறையும் காகிதமும் ஒன்றே. அங்கு காப்பவை தடுப்புக் கூண்டு, இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால் மட்டுமே இயங்கும் பொத்தான்கள், கை குறுக்கே வந்தால் இயந்திரத்தை நிறுத்தும் ஒளித்திரை ஆகியவையே. தகட்டை எடுக்க இடுக்கியோ காந்தப்பிடியோ பயன்படுத்த வேண்டும். தகட்டின் கூர்விளிம்புக்காகத் தரப்படும் கையுறையை அச்சுக்குள் கைவிடுவதற்கான அனுமதியாகக் கொள்ளக்கூடாது.

வேலைக்கேற்ற வகைகள்

தகடும் கண்ணாடியும்: இங்கு முதன்மை ஆபத்து வெட்டு. 1965 இல் டூபாண்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஸ்டெஃபனி குவோலெக் கண்டறிந்த இழை பின்னர் கெவ்லார் என்ற பெயரில் புகழ்பெற்றது. இத்தகைய வலிய இழைகளாலான கையுறைகள் வெட்டைத் தாங்கும். உள்ளங்கையில் நைட்ரைல் அல்லது பாலியூரித்தேன் பூச்சு இருந்தால் பிடி வழுக்காது. கண்ணாடிப் பலகையைத் தூக்குவோருக்கு மணிக்கட்டையும் முன்கையையும் மூடும் காப்புக் கையும் தேவை. ரப்பர்ப் புள்ளி வைத்த பருத்திக் கையுறை பெட்டி தூக்க ஏற்றது. கூர்மையான தகட்டைத் தடுக்காது.

பற்றவைப்பு: நீண்ட மணிக்கட்டுப் பகுதி கொண்ட தோல் கையுறை வேண்டும். சாதாரண ஆர்க் பற்றவைப்புக்குத் தடித்த தோலும், விரல் நுட்பம் தேவைப்படும் டிக் பற்றவைப்புக்கு மெல்லிய தோலும் ஏற்றவை. செயற்கை இழைக் கையுறை தீப்பொறியில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

பெயிண்ட், எண்ணெய், கரைப்பான்: இயற்கை ரப்பர் கையுறை பெட்ரோலுக்கும் எண்ணெய்க்கும் பொருந்தாது. பலூன் துண்டு ஒன்றை, ஆசிரியர் மேற்பார்வையில், மண்ணெண்ணெயில் சில மணி நேரம் ஊறவைத்தால் அது உப்பி வலுவிழப்பதை மாணவர்கள் காணலாம். எண்ணெய்க்கு நைட்ரைல் நன்கு பயன்படும். ஆனால் அசிட்டோன் போன்ற கரைப்பான்களுக்கு நைட்ரைல் நிற்காது. பியூட்டைல் ரப்பர் வேண்டும். வேதிப்பொருள் ஓட்டையே இல்லாத கையுறையையும் மூலக்கூறு மூலக்கூறாக ஊடுருவிக் கடந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. எனவே வேதிப்பொருளின் பாதுகாப்புத் தகவல் தாளில் எந்தக் கையுறை குறிப்பிடப்பட்டுள்ளது என்பதைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

மின்னணுப் பாகங்கள்: இங்கே கையுறை பெரும்பாலும் கையிடமிருந்து பொருளைக் காக்கிறது. வியர்வையின் உப்பும் உடலில் சேரும் நிலைமின்னும் நுண்சுற்றுகளைக் கெடுக்கும். இதற்கான மெல்லிய நிலைமின் தடுப்புக் கையுறை வெட்டையோ வேதிப்பொருளையோ தடுக்காது.

மின்சாரம்: மின்காப்பு ரப்பர் கையுறைகள் மின்னழுத்தத்திற்கேற்ப வகுக்கப்படுகின்றன. பன்னாட்டுத் தரத்தின்படி 00 வகுப்பு 500 வோல்ட் வரைக்கும், 0 வகுப்பு 1000 வோல்ட் வரைக்கும் உரியது. இந்தியத் தரம் ஐ.எஸ். 4770 ஆகும். அணியும் முன் ஒவ்வொரு முறையும் மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து சுருட்டி, உள்ளே காற்றை அடைத்து, கசிவு உண்டா என்று பார்க்க வேண்டும். ஊசிமுனை அளவு துளை இருந்தாலும் அதைப் பயன்படுத்தக்கூடாது.

குளிர்: குளிர்பதனக் கிடங்குகளில் கையுறைக்குள் இருக்கும் அசையாத காற்றே வெப்பத்தைக் காக்கிறது. குளிர்நீரில் முக்குளிப்போரின் உலர் கையுறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நீர் புகாத வெளி உறை, அதனுள் கம்பளி போன்ற உள்ளுறை, மணிக்கட்டில் நீரைத் தடுக்கும் அடைப்பு என அது மூன்று பகுதிகளைக் கொண்டது. உள்ளுறையையும் அணிந்துகொண்டே வெளி உறையின் அளவைப் பார்ப்பார்கள். இறுக்கமாக வாங்கினால் காற்று பிதுங்கி வெளியேறும், இரத்த ஓட்டமும் குறையும், விரல் விறைத்துப்போகும். குளிர்கிடங்குக்கும் இதே விதிதான்.

தரக் குறியீட்டைப் படிப்பது எப்படி?

கையுறையின் பின்புறத்தில் அச்சிடப்படும் சுத்தியல் படமும் எண்களும் ஐரோப்பியத் தரமான இ.என். 388 ஐக் குறிக்கும். எடுத்துக்காட்டாக '4 எக்ஸ் 4 3 டி' என்றிருந்தால் அதன் பொருள் பின்வருமாறு:

1. முதல் எண், உராய்வு. உயர்ந்த நிலை 4.
2. இரண்டாவது, சுழல் கத்திச் சோதனை. உயர்ந்த நிலை 5. 'எக்ஸ்' என்றால் அந்தச் சோதனை செய்யப்படவில்லை.
3. மூன்றாவது, கிழிவு. உயர்ந்த நிலை 4.
4. நான்காவது, குத்து. உயர்ந்த நிலை 4.
5. இறுதி எழுத்து, நேர்க்கத்திச் சோதனையில் வெட்டுத் தாங்கும் திறன். 'ஏ' முதல் 'எஃப்' வரை உயரும். 'ஏ' என்பது 2 நியூட்டன், 'டி' 15 நியூட்டன், 'எஃப்' 30 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும்.

வெட்டுக்கு 'எஃப்' பெற்ற கையுறையில் குத்துக்கான எண் குறைவாக இருக்கலாம். அதாவது கத்தியைத் தடுப்பது ஊசியைத் தடுக்க வேண்டியதில்லை. ஓடும் இயந்திரக் கத்தியை இவற்றில் எதுவும் தடுக்காது. வெப்பத்திற்கு இ.என். 407, குளிருக்கு இ.என். 511, வேதிப்பொருளுக்கு இ.என். 374 எனத் தனித்தனித் தரங்கள் உள்ளன.

அளவு எடுத்தல்

கையுறை அளவு 6 முதல் 11 வரையான எண்களில் குறிக்கப்படுகிறது. தையல் அளவுநாடாவை, கட்டைவிரலை விட்டுவிட்டு, விரல் மொட்டுகளுக்குச் சற்றுக் கீழே உள்ளங்கையைச் சுற்றிப் பிடித்து அளக்க வேண்டும். சுற்றளவு அங்குலத்தில் எவ்வளவோ, ஏறக்குறைய அதுவே கையுறை எண்.

அளவு 6: சுற்றளவு 152 மி.மீ., கை நீளம் 160 மி.மீ.
அளவு 7: 178 மி.மீ., 171 மி.மீ.
அளவு 8: 203 மி.மீ., 182 மி.மீ.
அளவு 9: 229 மி.மீ., 192 மி.மீ.
அளவு 10: 254 மி.மீ., 204 மி.மீ.
அளவு 11: 279 மி.மீ., 215 மி.மீ.

கை நீளம் என்பது நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டு மடிப்பு வரையான தொலைவு. வேலை செய்யும் கை சற்றுப் பெரிதாக இருக்கும் என்பதால் அந்தக் கையையே அளக்க வேண்டும். அணிந்தபின் பின்வருவனவற்றைச் சோதிக்கலாம்:

1. விரல் நுனியில் துணி தொங்கக்கூடாது. விரலிடுக்கு கையுறையின் இடுக்கில் பொருந்த வேண்டும்.
2. முட்டியை மடக்கினால் பின்கையில் இறுக்கம் கூடாது. உள்ளங்கையில் துணி மடிந்து குவியவும் கூடாது.
3. வேலையில் எடுக்கும் மிகச் சிறிய திருகாணியை மேசையிலிருந்து எடுக்க முடிய வேண்டும்.
4. கையுறைக்கும் சட்டைக் கைக்கும் இடையே தோல் தெரியக்கூடாது.

மொத்தமாக ஒரே அளவில் கையுறை வாங்கப்படும் இடங்களில் சிறிய கை உடையவர்களே முதலில் பாதிக்கப்படுகிறார்கள். கைப்பேசி, மின்னணு ஆலைகளில் பெருமளவில் பெண்கள் பணிபுரிகிறார்கள். 7 ஆம் எண் கைக்கு 10 ஆம் எண் கையுறை தந்தால் பிடி தளரும், நுனி எதிலாவது மாட்டும். முடிவில் அவர் அதைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்கையால் வேலை செய்வார். அதைக் கவனக்குறைவு என்று மட்டும் பதிவு செய்தால் உண்மைக் காரணம் மறைந்துபோகும்.

பராமரிப்பு

கிழிசல், தேய்வு, விறைப்பு, நிறமாற்றம் கண்ட கையுறையை மாற்ற வேண்டும். எண்ணெய் ஊறிய பருத்திக் கையுறை எளிதில் தீப்பற்றும். நம் ஊர் வெயிலில் கையுறைக்குள் வியர்த்துத் தோல் ஊறிப்போவதால், இடைவேளையில் கழற்றிக் கையை உலர்த்துவதும் மெல்லிய பருத்தி உள்ளுறை அணிவதும் நல்லது. வேதிப்பொருள் பட்ட கையுறையைக் கழற்றும்போது வெளிப்பக்கம் தோலில் படாமல் உட்புறத்தை வெளியே திருப்பி உரிக்க வேண்டும்.

சட்டம் சொல்வது

1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21 ஆம் பிரிவு இயந்திரங்களுக்குத் தடுப்பு அமைப்பதைக் கட்டாயமாக்கியது. ஓடும் இயந்திரத்தின் அருகே செய்யும் ஆய்வுப் பணிக்கு உடலோடு ஒட்டிய உடை வேண்டும் என்றது 22 ஆம் பிரிவு. சுழலும் பாகம் எதையும் பிடித்து இழுக்கக்கூடாது என்பதே அதன் கருத்து. சட்டப்படி செய்து தரவேண்டிய ஏற்பாடுகளுக்குத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்றது 114 ஆம் பிரிவு. பாதுகாப்புக்காகப் பணம் வசூலிக்கக்கூடாது என்ற இதே கொள்கை 2020 ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது. ஒப்பந்தத் தொழிலாளரும் பழகுநரும் தம் அளவுக்கேற்ற கையுறையைக் கேட்டுப் பெறத் தயங்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் தொழிற்சாலைகளை ஆய்வு செய்யும் பொறுப்பு தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தினுடையது.

விரல் துண்டானால்

முதலில் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்தி, கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, நீர் புகாத பிளாஸ்டிக் பையில் இட்டு மூடி, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைக்க வேண்டும். விரலை நேரடியாகப் பனிக்கட்டியில் வைத்தால் திசுக்கள் உறைந்து கெட்டுவிடும். கையுறைக்குள் விரல் சிக்கியிருந்தால் கையுறையோடு சேர்த்தே கொண்டு செல்லலாம். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி 1971 இல் தொடங்கிய கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு இத்துறையில் நாட்டின் முன்னோடிகளுள் ஒன்றாகும். விரலை மீண்டும் இணைக்க முடியுமா என்பது காயத்தின் தன்மையையும், விரல் எவ்வளவு விரைவில், எந்த நிலையில் மருத்துவரிடம் சேர்கிறது என்பதையும் பொறுத்தது. நசுங்கிய விரலைவிட நேர்த்தியாக வெட்டுப்பட்ட விரலை இணைப்பது எளிது.