மேற்கு ஜன்னலுக்கு என்ன கண்ணாடி?

பழைய மர ஜன்னலைக் கழற்றிவிட்டு யுபிவிசி போடலாம் என்று சென்னையில் ஒருவர் விலை விசாரிக்கப் போனால், விற்பவர் பெரும்பாலும் ‘டபுள் கிளாஸ்’ பக்கம்தான் கையைக் காட்டுவார். இரண்டு கண்ணாடி, நடுவில் 12 மில்லிமீட்டர் இடைவெளி. சூடு உள்ளே வராது, கரன்ட் பில் இறங்கிவிடும் என்பார். விலை கூடுதல்தான். அந்தக் கூடுதல் காசுக்கு நம் ஊரில் என்ன கிடைக்கிறது?

இரட்டைக் கண்ணாடி குளிர் நாடுகளின் சரக்கு. வெளியே மைனஸ் 10 டிகிரி, வீட்டுக்குள் 20 என்றால், அந்த 30 டிகிரி வித்தியாசத்தில் கணப்பின் சூடு வெளியே ஓடாமல் பிடித்துவைப்பது அதன் வேலை. சென்னையில் மே மாத மதியம் வெளியே 38, ஏசி அறைக்குள் 26 என்றால் வித்தியாசம் 12தான். இங்கே அறையைக் கொதிக்க வைப்பது, கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு நேராக வரும் வெயில்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேற்கு பார்த்த, நாலுக்கு ஐந்தடி ஜன்னல். மாலை நாலு மணி வெயில் அதன்மேல் சதுர மீட்டருக்குச் சுமார் 600 வாட் வீதம் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண ஒற்றைக் கண்ணாடி அதில் ஐந்தில் நாலு பங்கை உள்ளே விட்டுவிடும். ஏறத்தாழ 900 வாட். ஒரு டன் ஏசியின் திறனில் கால்வாசி இந்த ஒரு ஜன்னலுக்கே சரி. வெளிக்காற்றின் சூடு கண்ணாடி வழியே கடந்து வருவதோ 130 வாட் அளவுதான். நிறமற்ற இரட்டைக் கண்ணாடி போட்டால் அந்த 130 பாதியாகும். 900 கொஞ்சம்தான் குறையும்.

ஆகவே கடையில் கேட்கவேண்டிய எண் எஸ்.ஹெச்.ஜி.சி. விழும் வெயிலில் எத்தனை பங்கு வெப்பமாக உள்ளே வருகிறது என்பதன் அளவு அது. சாதாரணக் கண்ணாடிக்கு 0.8க்கு மேல், வெயிலைத் தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடிக்கு 0.3 வரை இறங்கும். அதே ஜன்னலில் 900 வாட் 340 ஆகிவிடும். கூடவே வி.எல்.டி. என்ற எண்ணையும் பார்க்கவேண்டும். எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று அது சொல்லும். வெறும் கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டுப் பட்டப்பகலில் டியூப்லைட் போட்டுக்கொள்வதில் என்ன மிச்சம்?

எல்லா ஜன்னலுக்கும் இந்தச் செலவு வேண்டியதில்லை. தெற்கு ஜன்னலுக்கு மேலே ஒன்றரை, இரண்டடி சன்ஷேட் இருந்தால் உச்சி வெயிலை அதுவே தடுத்துவிடும். மேற்கு வெயில் சாய்வாக சன்ஷேடுக்குக் கீழே புகுந்துவிடும். காசை அங்கே போடுவதே சரி. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சென்னையின் உச்சிவெயில் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து வரும் என்பது பலருக்குத் தெரியாது. ஆனால் அது செங்குத்து வெயில், சின்ன சன்ஷேடே போதும்.

கண்ணாடிக்குப் பணம் இல்லையா? ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி தொங்கவிடலாம். உள்ளே தொங்கும் தடித்த திரை இந்த வேலையைச் செய்யாது. வெயில் கண்ணாடியைத் தாண்டிய பிறகுதான் திரை அதைச் சந்திக்கிறது.

காற்றையும் மறக்கக் கூடாது. இரண்டு கதவு விரியத் திறக்கும் பழைய ஜன்னலில் ஏறக்குறைய முழு இடத்துக்கும் காற்று வரும். அதை எடுத்துவிட்டு இரண்டு பலகை ஸ்லைடிங் போட்டால் பாதிதான் திறக்கும். மத்திய மின்துறை 2018இல் வெளியிட்ட ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற கட்டட விதித்தொகுப்பு, சென்னை போன்ற வெக்கையும் ஈரமுமான ஊர்களில் வீட்டுத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது திறக்கும் பரப்பு வேண்டும் என்கிறது. இந்த வீதப்படி பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு 20 சதுர அடி. நாலுக்கு ஐந்து ஸ்லைடிங் ஜன்னல் தருவது 10 சதுர அடி. கடற்காற்று வரும் நேரத்திலும் ஏசி ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜன்னல் சட்டத்தைப் பொறுத்தவரை, அலுமினியம் சூட்டை வேகமாகக் கடத்தும். யுபிவிசியும் மரமும் கடத்துவது சொற்பம். கரையான் அரிக்காத, உறுதியான தேக்கு நிலையைப் பெயர்த்தெறிவது அநியாயம். கண்ணாடியை மட்டும் மாற்றி, ஓரங்களில் ரப்பர் பட்டை வைத்தால் போதும்.

கதவில் கவனிக்கவேண்டியது ஏசி அறையின் அடிச்சந்து. விரல் நுழையும் சந்து இருந்தால் குளிர்காற்று ஹாலுக்குப் போய்க்கொண்டே இருக்கும். கதவின் அடியில் பிரஷ் பட்டை ஒன்றை ஆசாரியிடம் சொல்லி அடிக்கலாம்.

பொருத்த வருகிறவர்கள் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள சந்தைச் சிலிகான் வைத்து முழுதாக அடைக்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது. அதே வேகத்தில், ஸ்லைடிங் ஜன்னலின் அடிச்சட்டத்தில் வெளிப்பக்கமாக உள்ள சின்னத் துளைகளையும் சிலர் அடைத்துவிடுவார்கள். மழைத்தண்ணீர் வடிவதற்கான வழி அது. அடைபட்டால் ஐப்பசி மழையில் தண்ணீர் கட்டிலடிக்கு வரும்.