பழைய ஆர்.எக்ஸ். 100-ஐ வேகமாக்கணுமா? 30,000 ரூபாயில் முதல் ரூபாய் எங்கே போகணும்?



அமெரிக்க கார் சேனல்களில் ஒரு வகை வீடியோ எப்பவுமே ஹிட். 1960-களின் பழைய மஸ்டாங்கையோ கமாரோவையோ எடுத்து, கம்மி பட்ஜெட்டில் அதை எப்படி வேகமாக்குவது என்று காட்டுவார்கள். மஸில் கார் நமக்கு எட்டாத தூரம். ஆனால் அந்த ஆசை எட்டாத தூரம் இல்லை. நம்ம ஊரில் அந்த ஆசைக்குப் பெயர் யமஹா ஆர்.எக்ஸ். 100.

1985-ல் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து யமஹா இந்தியாவில் இறக்கிய வண்டி. 98 சி.சி., டூ ஸ்ட்ரோக், 11 குதிரைத்திறன், எடை சுமார் 100 கிலோ. 1996-ல் உற்பத்தி நின்றுவிட்டது. அதாவது, நீங்க வாங்கற வண்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதன் வயது கிட்டத்தட்ட 30 அல்லது அதற்கு மேல். இதைப் படிக்கிற பலரை விட அது மூத்தது.

தருமபுரியிலோ ஓசூரிலோ வேலை, மாதம் 25,000 – 30,000 சம்பளம், கையில் ஒரு 30,000 ரூபாய் சேர்ந்திருக்கு, வண்டியும் இருக்கு. ஒர்க்ஷாப்பில் கேட்டால் ஆளுக்கு ஒரு ஐடியா: சைலன்சர் மாத்து, பிளாக் மாத்து, போர்ட்டிங் பண்ணு. பணத்தை எந்த வரிசையில் செலவு பண்ணணும் என்பதுதான் இன்றைய பாடம்.

ஒரே வரியில் பதில்: புது வேகத்தை வாங்கறதுக்கு முன்னாடி, வண்டி இழந்த வேகத்தைத் திரும்ப வாங்குங்க. 30 வருஷம் ஓடின இன்ஜின் இன்றைக்கு அந்த 11 குதிரைத்திறனை அப்படியே கொடுக்காது. தேய்ந்து போன அந்தப் பகுதியை மீட்பதுதான் இருக்கிறதிலேயே மலிவான அப்கிரேட்.

1. முதலில் பேப்பர்

தனியார் வண்டிக்குப் பதிவு 15 வருஷம்தான். அதன் பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். 20 வயது தாண்டிய இரு சக்கர வண்டிக்கான புதுப்பித்தல் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாயாக உயர்த்தினார்கள். இதோடு பசுமை வரி, புகைச் சான்றிதழ் தனி.

தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். 75 முதல் 150 சி.சி. வரை அடிப்படை பிரீமியம் 714 ரூபாய்; 18% ஜி.எஸ்.டி. சேர்த்தால் சுமார் 843. இது இல்லாமல் மாட்டினால் முதல் தடவையே 2,000 ரூபாய் அபராதம், சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் இருக்கு. தேர்ட் பார்ட்டி என்பது நீங்க இடித்த ஆளுக்கான பாதுகாப்பு, உங்களுக்கு இல்லை. அதனால் 15 லட்சம் ரூபாய்க்கான தனிநபர் விபத்து கவரும் சேர்ந்திருக்கா என்று பாலிசியைத் திறந்து பாருங்க. வீட்டில் உங்க சம்பளத்தை நம்பி அப்பா, அம்மா இருந்தால் இது எந்த சைலன்சரை விடவும் முக்கியம்.

ஆர்.சி. காலாவதியான வண்டியில் பணத்தைப் போடுவது, பட்டா இல்லாத நிலத்தில் மாடி வீடு கட்டற மாதிரி.

2. ஓடறதுக்கு முன்னாடி நிற்கணும்

ஒரு சின்னக் கணக்கு. வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். 60 கி.மீ. வேகத்தில் போகிறவர் 80-க்குப் போனால் வேகம் 33% தான் கூடுது. ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 78% கூடுது. உங்க வண்டியில் இருப்பதோ பழைய டிரம் பிரேக்.

தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்தை நினைத்துப் பாருங்க. டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் வண்டியைப் பிடித்து இழுக்கும் இன்ஜின் பிரேக்கிங் ரொம்பக் குறைவு. அதோடு, ஆக்ஸிலரேட்டர் மூடியிருக்கும்போது இன்ஜினுக்குள் போகும் ஆயிலும் குறையும். நீளமான இறக்கத்தில் பழைய ஆட்கள் இடையிடையே லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்துக்கொண்டே இறங்குவதற்குக் காரணம் இதுதான். மொத்தச் சுமையும் பிரேக் மேல் விழும். சூடேறினால் டிரம் பிடிப்பு குறையும்.

ஆகவே முதல் அப்கிரேட்: நல்ல பிரேக் ஷூ, புது பிரேக் கேபிள், டிரம் ஓவலாகியிருந்தால் லேத்தில் சரி செய்வது, ரெண்டு டயர். டயர் பட்டன் நன்றாக இருக்கே என்று ஏமாறாதீங்க. பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2316 என்றால் 2016-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. ரப்பர் ஓடாமல் நின்றாலும் கெட்டிப்படும்.

3. இழந்த வேகத்தை மீட்பது

டூ ஸ்ட்ரோக்கில் எரிந்த ஆயில் கரியாகி சைலன்சருக்குள்ளேயும் எக்ஸாஸ்ட் போர்ட்டிலும் படியும். வழி அடைந்தால் வண்டி மூச்சு முட்டும். கரி எடுப்பது பெரும்பாலும் கூலிச் செலவுதான். பல வண்டிகளில் இதிலேயே வித்தியாசம் தெரியும்.

அடுத்து கிராங்க் ஆயில் சீல். இந்த இன்ஜினில் பெட்ரோல் – காற்றுக் கலவை கிராங்க் கேஸ் வழியாகத்தான் போகிறது. சீல் தேய்ந்தால் வெளிக்காற்று உள்ளே வரும், கலவையில் பெட்ரோல் குறையும், சூடு ஏறும், கடைசியில் பிஸ்டன் பிடித்துவிடும். அதற்குப் பிறகு வரும் பில், சீல் விலையை விடப் பல மடங்கு.

மூன்றாவது கம்ப்ரெஷன். மெக்கானிக்கிடம் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்க. குறைவாக இருந்தால் ரீபோர், ஓவர்சைஸ் பிஸ்டன். இந்த இன்ஜினின் போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக்கும் 50 மி.மீ. முதல் ஓவர்சைஸான 0.25 மி.மீ. போட்டால் சுமார் 99 சி.சி. ஆகும். இது மாற்றம் இல்லை, பழுது பார்ப்பது. கார்ப்பரேட்டர் சுத்தம், புது பிளக், ஏர் ஃபில்டர் எல்லாம் இதோடு சேர்த்துப் பண்ணுங்க.

இதெல்லாம் முடிந்தும் இன்னும் இழுவை வேணும் என்றால், மலிவான ஒரே உண்மையான அப்கிரேட் ஸ்ப்ராக்கெட். முன்பக்கம் 14 பல் இருக்கு என்று வைத்துக்கொள்வோம். 13 ஆக்கினால் பின் சக்கரத்தில் இழுவை சுமார் 7.7% கூடும். விலை: அதே வேகத்துக்கு இன்ஜின் அதிகமாகச் சுற்றும், ஹைவேயில் மைலேஜும் அமைதியும் குறையும். பிடிக்கலையா? பழையதைத் திரும்ப மாட்டிக்கலாம். திரும்ப மாற்றக்கூடிய முடிவுகளை முதலில் எடுப்பது, முதலீட்டுக்கும் வண்டிக்கும் பொதுவான விதி.

4. பணத்தை விழுங்கும் மூன்று

*எக்ஸ்பேன்ஷன் சேம்பர்:* வெளியேறும் புகையின் அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி வேலை செய்யும். நிஜமாகவே பவர் தரும். ஆனால் ஒரு குறிப்பிட்ட ஆர்.பி.எம்.மில் மட்டும், பெரும்பாலும் மேலே. தருமபுரி பஸ் ஸ்டாண்ட் டிராஃபிக்கில் அந்த ஆர்.பி.எம்.மை நீங்க தொடப் போவதில்லை. ஜெட் மாற்றாமல் விட்டால் கலவை கெட்டு பிஸ்டன் போகும். சத்தத்துக்கு 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு.

*ஆர்.எக்ஸ். 135 பிளாக்:* அதே 50 மி.மீ. ஸ்ட்ரோக், 58 மி.மீ. போர், 132 சி.சி. மாட்டிவிடலாம்தான். ஆனால் ஆர்.சி.யில் 98 என்றே இருக்கும்.

*போர்ட்டிங்:* சிலிண்டரில் வழியைச் செதுக்கிப் பெரிதாக்குவது. செதுக்கின இரும்பு திரும்ப வராது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி. விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "ஒவ்வொரு மாற்றத்துக்கும்" என்பதைக் கவனிங்க. அறிவிக்காத மாற்றம் இருந்தால் விபத்துக்குப் பிறகு சொந்த வண்டிச் சேத க்ளெய்மும் தகராறாகலாம்.

5. திரும்பக் கிடைக்குமா?

5 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐ.டி.வி. நீங்களும் இன்சூரன்ஸ் கம்பெனியும் பேசி முடிவு செய்வது. 30,000 செலவு பண்ணியதால் அது தானாக ஏறாது.

விற்கும்போது? ஆசைப்பட்டு வாங்கறவர் தேடுவது ஒரிஜினல் வண்டி. சட்டமும் அந்தப் பக்கம்தான் இருக்கு. 2021-ல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய இரு சக்கர வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். நிபந்தனை: சேஸிஸிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. முதல் ஆர்.எக்ஸ். 100-கள் 2035-ல் அந்த வயதைத் தொடும். இன்றைக்குச் செதுக்கின சிலிண்டர் அன்றைக்குத் தடையாக நிற்கும்.

வரி பற்றி: சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் பைக் வருமான வரிச் சட்டத்தில் மூலதனச் சொத்து இல்லை. லாபத்துக்கு விற்றாலும் மூலதன ஆதாய வரி கிடையாது. நஷ்டமானால் அதைக் கழிக்கவும் முடியாது. ஆனால் வாங்கி, ரெடி பண்ணி, விற்பதையே வழக்கமாகச் செய்தால் அது தொழில் வருமானம், வரி உண்டு.

30,000-ஐ எப்படிப் பிரிப்பது?

இது கடை விலைப் பட்டியல் இல்லை. எதற்கு எவ்வளவு ஒதுக்கணும் என்பதற்கான ஒரு மாதிரி.

- பேப்பர், இன்சூரன்ஸ்: 4,000
- பிரேக், டயர்: 9,000
- இன்ஜின் மீட்பு: 12,000
- செயின், ஸ்ப்ராக்கெட்: 2,000
- தொடாமல் வைக்க: 3,000

கடைசி வரியை வெட்டாதீங்க. பழைய இன்ஜினைத் திறந்தால் எதிர்பாராத ஒரு பார்ட் நிச்சயம் கேட்கும்.

இந்தப் பணத்தை கிரெடிட் கார்டில் எடுக்காதீங்க. மாதம் 3.5% வட்டி என்றால் 30,000-க்கு முதல் மாதமே 1,050 ரூபாய். அதன் மேல் ஜி.எஸ்.டி. 189. மாதம் 2,500 ரூபாய் ஆர்.டி. போட்டால் ஒரு வருஷத்தில் அதே 30,000, கொஞ்சம் வட்டியோடு. முதல் மூன்று மாதப் பணத்தில் பேப்பரையும் பிரேக் வேலையையும் தொடங்கலாம். வண்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காசு செலவில்லாத மூன்று வேலை: ஆர்.சி. எந்தத் தேதி வரை, இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை, டயரின் நாலு இலக்கம் என்ன. மூன்றையும் ஒரு பேப்பரில் எழுதிக்கோங்க. ஒர்க்ஷாப்புக்குப் போகும்போது அந்தப் பேப்பரையும் எடுத்துக்கிட்டுப் போங்க.