காலை 10 மணி, லட்சக்கணக்கான விரல்கள்: திருப்பதி தரிசன டிக்கெட் நெரிசலைத் தரவு மையங்கள் சமாளிப்பது எப்படி?

திருப்பதி: திருமலை ஏழுமலையான் கோயிலின் ரூ.300 சிறப்பு நுழைவு தரிசன டிக்கெட்டுகள் ஏறத்தாழ 3 மாதங்களுக்கு முன்பே இணையத்தில் வெளியிடப்படுகின்றன. குறிப்பிட்ட நாளில் காலை 10 மணிக்கு முன்பதிவு தொடங்கியதும், சித்தூர், வேலூர், சென்னை, பெங்களூரு எனப் பல ஊர்களிலிருந்தும் பக்தர்கள் ஒரே நேரத்தில் தேவஸ்தானத்தின் தளத்துக்குள் நுழைய முயல்கின்றனர். சிலருக்கு டிக்கெட் கிடைக்கிறது. பலருக்குக் காத்திருப்பு அறிவிப்பு மட்டுமே கிடைக்கிறது.

வரிசையை ஒழுங்குபடுத்துவது இங்கு உயிர் சார்ந்த விஷயம். 2025 ஜனவரி 8ஆம் தேதி, வைகுண்ட வாயில் தரிசன டோக்கன் பெறுவதற்காகத் திருப்பதியில் திரண்ட கூட்டத்தில் ஏற்பட்ட நெரிசலில் 6 பேர் உயிரிழந்தனர். அதே ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி வந்த அடுத்த வைகுண்ட ஏகாதசிக்கு, முதல் 3 நாட்களுக்கான டோக்கன்கள் இணையவழிக் குலுக்கல் மூலம் ஒதுக்கப்பட்டன. தெருவில் நின்ற வரிசை தரவு மையத்துக்கு இடம் மாறியது. அங்கு அந்த வரிசை எவ்வாறு கையாளப்படுகிறது?

ஒரு கணினிக்குள் பல கணினிகள்

டிக்கெட் வெளியாகும் சில மணி நேரத்துக்கு மட்டும் தளத்துக்குப் பெரும் கணினித் திறன் தேவை. மற்ற நாட்களில் அதில் சிறு பங்கே போதும். உச்ச நெரிசலைக் கணக்கிட்டுச் சேவையகங்களை வாங்கி வைத்தால், அவை மாதத்தின் பெரும்பகுதி சும்மா கிடக்கும்.

இதற்கான தீர்வே மெய்நிகராக்கம். ஓர் உண்மையான சேவையகத்தின் திறனை மென்பொருள் மூலம் பங்கிட்டு, அதற்குள் பல மெய்நிகர்க் கணினிகள் இயக்கப்படுகின்றன. தேவை கூடும்போது புதிய கணினிகளைச் சில நிமிடங்களில் உருவாக்கலாம்; கூட்டம் வடிந்ததும் நீக்கிவிடலாம். கிளவுட் சேவையின் அடிப்படை இதுதான்.

2021 செப்டம்பரில் இலவச தரிசன டோக்கன்கள் இணையத்தில் வெளியிடப்பட்டபோது, முன்பதிவுப் பக்கம் தனியார் நிறுவனம் ஒன்றின் இணைய முகவரியின் கீழ் இயங்கியது விமர்சனத்துக்கு உள்ளானது. நெரிசலைத் தாங்க அந்நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவி பெறப்பட்டதாகத் தேவஸ்தானம் விளக்கம் அளித்தது. கோயிலின் வரிசை வேறொருவரின் தரவு மையத்தில் நிற்க முடியும் என்பதைப் பொதுமக்கள் கண்கூடாகக் கண்ட தருணம் அது.

மலைப்பாதை தரும் பாடம்

பக்தர் ஒருமுறை பொத்தானை அழுத்தினால், தரவு மையத்துக்குள் பல செய்திகள் பயணிக்கின்றன. கணக்கு சரிபார்ப்பு, காலியிட விவரம், கட்டணம், ரசீது என ஒவ்வொன்றையும் வெவ்வேறு கணினிகள் கவனிக்கின்றன. இதனால் வெளியிலிருந்து வரும் போக்குவரத்தைவிட, உள்ளேயுள்ள கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் போக்குவரத்து பன்மடங்கு அதிகமாகிறது.

பழைய அமைப்புகளில் இப்போக்குவரத்தின் பெரும்பகுதி உச்சியில் உள்ள ஓரிரு பெரிய சாதனங்கள் வழியாகவே செல்ல வேண்டியிருந்தது. திருப்பதி மக்களுக்கு இச்சிக்கல் புதிதன்று. 1944இல் அமைக்கப்பட்ட முதல் மலைப்பாதையே நீண்ட காலம் ஏறும் வாகனங்களுக்கும் இறங்கும் வாகனங்களுக்கும் வழியாக இருந்தது. 1974இல் இரண்டாவது பாதை வந்த பிறகே ஏறுவதும் இறங்குவதும் தனித்தனியாயின.

தரவு மையங்களும் இதையே செய்கின்றன. எந்த இரு கணினிகளுக்கும் இடையே சம தொலைவுள்ள பல பாதைகள் அமைக்கப்படுகின்றன. தொலைபேசி இணைப்பகங்களுக்காக 1953இல் பெல் ஆய்வகத்தின் சார்லஸ் குளோஸ் வெளியிட்ட வடிவமைப்பே இதன் மூலம்.

உறைக்குள் உறை

மெய்நிகர்க் கணினிகள் ஓரிடத்தில் நிலையாக இருப்பதில்லை. ஒரு சேவையகத்தில் சுமை கூடினால், அதிலுள்ள கணினி மற்றொரு சேவையகத்துக்கு மாற்றப்படும். அப்போதும் அதன் முகவரி மாறக் கூடாது. இதற்காக, அனுப்பும் செய்தி முழுவதும் மற்றொரு உறைக்குள் இடப்படுகிறது. உள்உறையில் மெய்நிகர்க் கணினியின் முகவரியும், வெளிஉறையில் அது தற்போது இயங்கும் சேவையகத்தின் முகவரியும் இருக்கும்.

ஒரே தரவு மையத்தில் பல நிறுவனங்களின் வலையமைப்புகளைப் பிரித்து வைக்கவும் இம்முறை உதவுகிறது. வீலேன் எனப்படும் பழைய முறையில் 4,096 அடையாள எண்களே உண்டு. 2014இல் ஆவணப்படுத்தப்பட்ட விஎக்ஸ்லேன் முறையில் அந்த எண்ணிக்கை 1.6 கோடிக்கும் அதிகம்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஒவ்வொரு செய்தியிலும் சுமார் 50 பைட் கூடுதலாகச் சேர்கிறது. அதற்கேற்பச் சாதனங்கள் அமைக்கப்படாவிட்டால் செய்திகள் துண்டாகலாம் அல்லது தொலையலாம். வலையமைப்பைக் கண்காணிக்கும் பொறியாளருக்கு வெளிஉறை மட்டுமே எளிதில் தெரிவதால், நெரிசலுக்குக் காரணமான சேவை எது என்பதைக் கண்டறிவதும் கடினமாகிறது.

மற்றொரு சிக்கல், பாதைத் தேர்வு. ஒரே உரையாடலின் செய்திகள் வரிசை மாறாமல் சேர வேண்டும் என்பதால், அவை ஒரே பாதையில் அனுப்பப்படுகின்றன. தற்செயலாக இரு பெரிய தரவோட்டங்கள் ஒரே பாதையில் சேர்ந்துவிட்டால் அப்பாதை திணறும். பக்கத்துப் பாதை காலியாக இருக்கும். எனவே, பெரிய தரவு மையங்கள் பலவற்றில் முழு வலையமைப்பையும் பார்க்கும் மையக் கட்டுப்பாட்டு மென்பொருள் பயன்படுத்தப்படுகிறது. போக்குவரத்துக் காவல் கட்டுப்பாட்டு அறைபோல, அது ஓட்டங்களை நெரிசலற்ற பாதைக்குத் திருப்பிவிடும்.

காத்திருப்பு அறையின் அவசியம்

எத்தனை கணினிகளைச் சேர்த்தாலும் ஒரு வரம்பு உண்டு. கடைசி டிக்கெட்டை இருவருக்கு விற்க முடியாது. காலியிடக் கணக்கைப் பராமரிக்கும் தரவுத்தளம், ஒரே இடத்துக்கான கோரிக்கைகளை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் முடிவு செய்ய வேண்டும். எனவே, அங்குச் செல்வோரின் எண்ணிக்கையை வாயிலிலேயே கட்டுப்படுத்த வேண்டியுள்ளது.

முன்பதிவின்போது திரையில் தோன்றும் மெய்நிகர் வரிசை இதற்காகவே. திருமலையின் வைகுண்டம் வரிசை வளாகத்தில் பக்தர்களை அறைகளில் அமரவைத்து, சன்னிதியில் இடம் உண்டாக உண்டாக ஓர் அறையைத் திறந்துவிடுவது போன்ற ஏற்பாடு இது. இடையில் பக்கத்தை மீண்டும் மீண்டும் புதுப்பிப்பதால் கோரிக்கைகள் பெருகித் தளத்தின் சுமை கூடுவதோடு, வரிசையில் பெற்ற இடத்தை இழக்கவும் நேரலாம்.

குலுக்கல் முறை இதிலிருந்து வேறுபடுகிறது. பதிவு செய்யச் சில நாட்கள் அவகாசம் தரப்படுவதால், முதல் நொடியில் நுழைபவருக்கு எந்தச் சாதகமும் இல்லை. அதனால் ஒரு நொடியில் குவியும் சுமை பல நாட்களுக்குப் பரவிவிடுகிறது. பல நூறு சேவையகங்கள் செய்ய வேண்டிய வேலையை இங்கு ஒரு விதிமுறை மாற்றமே எளிதாக்கிவிடுகிறது.

எனினும், எந்தத் தொழில்நுட்பமும் டிக்கெட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டாது. இருப்பதை நியாயமாகப் பங்கிட மட்டுமே உதவும். ஸ்மார்ட்போன் இல்லாத பக்தர் அந்தப் பங்கீட்டில் விடுபடாமல் இருக்க, திருப்பதியின் சீனிவாசம், விஷ்ணு நிவாசம், பூதேவி வளாகம் போன்ற இடங்களில் நேரில் வழங்கப்படும் இலவச தரிசன டோக்கன்களின் தேவை தொடரவே செய்கிறது.