குறைந்த கால்சியமும் குழந்தை நலனும்

கருவுற்ற காலத்தில் இரத்த அழுத்தம் மிகுந்து தோன்றும் முன்சூல்வலிப்பு, தாய், சேய் இருவருக்கும் ஊறு விளைவிப்பது. குறைமாதப் பிறப்புக்கும் காரணமாவது. உணவில் சுண்ணாம்புச் சத்துக் குறைந்த நாடுகளில் கருவுற்ற பெண்களுக்கு நாள்தோறும் 1,500 முதல் 2,000 மில்லிகிராம் கால்சியம் அளிக்க உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஆயினும் பல மாத்திரைகள் தாய்மார்க்குச் சுமை; அரசுக்கும் செலவு.

பெங்களூரில் புனித ஜான் ஆராய்ச்சி நிலையத்தார், முதற்பேற்றை எதிர்நோக்கிய 11,000 பெண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2024-இல் வெளியாயிற்று. நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் பெற்றோரில் 3.0 சதவீதத்தினரும், 1,500 மில்லிகிராம் பெற்றோரில் 3.6 சதவீதத்தினரும் இந்நோய்க்கு ஆளாயினர். குறைமாதப் பிறப்பு முறையே 11.4, 12.8 சதவீதம்.

தான்சானியாவில் நடந்த இணை ஆய்விலும் நோய்த்தடுப்பில் குறைந்த அளவு பின்தங்கவில்லை. குறைமாதப் பிறப்பைப் பொறுத்தவரை அங்குத் தெளிவு கிட்டவில்லை. ஒரு மாத்திரை போதுமெனில், அதனைத் தவறாது உட்கொள்வது ஏழைத் தாய்க்கும் எளிதாகும்.