சியோலின் சிற்றறைகளில் தீ

தென்கொரியத் தலைநகர் சியோலில் ‘கோசிவோன்’ என்றழைக்கப்படும் விடுதிகள், அரசுப் பணித் தேர்வுகளுக்குப் படிப்போர் சில மாதங்கள் தங்குவதற்கென்று தோன்றியவையாயினும், வீட்டுக்கு முன்பணமாகப் பெருந்தொகை கேட்கும் அந்நகரில் முன்பணம் ஏதுமின்றி மாத வாடகைக்குக் கிடைப்பதால், தினக்கூலித் தொழிலாளரும் தனித்து வாழும் முதியோரும் ஆண்டுக்கணக்கில் குடியிருக்கும் இடங்களாக மாறிவிட்டன. அலுவலகத்துக்கெனக் கட்டிய ஒரு தளத்தை மெல்லிய தடுப்புச் சுவர்களால் இருபது, முப்பது அறைகளாகப் பிரித்திருப்பார்கள். கட்டிலும் சிறு மேசையும் போட்டபின் கால்வைக்க மட்டுமே இடம் மிஞ்சும். அறைகளுக்கு இடையிலான நடைவழியில் எதிரே ஒருவர் வந்தால் மற்றவர் ஒதுங்கித்தான் நிற்க வேண்டும்.

2018 நவம்பர் 9 அன்று அதிகாலை, சியோலின் ஜோங்னோ பகுதியில் இத்தகைய விடுதி ஒன்றின் மூன்றாம் தளத்தில், படிக்கட்டு வாயிலை ஒட்டிய அறையில் இருந்த மின்சூடேற்றியிலிருந்து தீப்பற்றி, ஏழு பேர் உயிரிழந்தனர். வெளியேறும் வழியிலேயே தீ எழுந்தமையால், உள்ளறைகளில் உறங்கியோருக்குச் சன்னல் ஒன்றே மிச்ச வழியாயிற்று. அந்த விடுதியில் சன்னலுள்ள அறைக்கு மாதம் 3,20,000 வோனும் சன்னலில்லாத அறைக்கு 2,80,000 வோனும் வாடகை என்று அப்போது செய்திகள் வெளியாயின; அந்த 40,000 வோன் வேறுபாடு உயிருக்கும் சாவுக்கும் இடையிலான வேறுபாடாக இருந்தது என்பதை எந்த நாகரிக நகரமும் பொறுத்துக்கொள்ளலாகாது.

இவ்விடங்களில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் தழலன்று, புகையே. எரியும் மெத்தையும் பிளாஸ்டிக்கும் வெளியிடும் கார்பன் மோனாக்சைடு, குருதியில் உயிர்வளி சேரவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்வதால், உறங்குபவர் விழிக்காமலே மயக்கமுறுகிறார். சூடான புகை முதலில் கூரையை அடைந்து, பின்னர் கீழிறங்கிப் பரவும். பரந்த கூடத்தில் இதற்குச் சிறிது நேரம் பிடிக்கும், குறுகிய நடைவழியிலோ மிக விரைவில் முகமட்டத்துக்கு வந்துவிடும். தடுப்புச் சுவர் கூரைவரை எழுப்பப்படாத இடங்களில், கதவை இறுக மூடியிருந்தாலும் மேற்புறமாகப் புகை அடுத்த அறைக்குள் புகுந்துவிடுகிறது.

தீயணைப்பு வீரருக்கு இத்தகைய தளம் இருட்டில் நுழையும் ஒரு புதிர்வழி. எத்தனை அறைகள், எவற்றில் ஆளிருக்கிறார்கள் என்பது தெரியாத நிலையில், ஒவ்வொரு கதவையும் தொட்டறிந்து, பூட்டியிருந்தால் உடைத்து, உள்ளே கட்டிலடியிலும் தேட வேண்டும்; கடும் உழைப்பின்போது முதுகிலுள்ள மூச்சுக்காற்று உருளை ஏறத்தாழ அரைமணி நேரத்துக்கே தாங்கும். நீர்க்குழாயை உள்ளே இழுத்துச் செல்ல வேண்டிய அதே நடைவழியில்தான், பிழைத்தவர்கள் வெளியே ஓடிவரவும் வேண்டும்.

கோசிவோன்களில் தெளிப்பான்கள், அதாவது வெப்பம் ஏறியதும் தானே திறந்து நீர் பொழியும் கூரைக்குழாய் அமைப்புகள், 2009 முதல் கட்டாயமாக்கப்பட்டன. ஆனால் அவ்விதி புதிய விடுதிகளையே கட்டுப்படுத்தியது. 2007இல் தொடங்கிய ஜோங்னோ விடுதி விலக்குப் பெற்றதோடு, கட்டடப் பதிவேட்டில் அலுவலகம் என்றே குறிக்கப்பட்டிருந்தமையால் பாதுகாப்புச் சோதனைக்கும் உட்படாமல் தப்பியது. பழைய கட்டடங்களுக்கு விலக்களிப்பது சட்ட வரைவோருக்கு நியாயமாகத் தோன்றலாம். ஆனால் மலிவு வாடகை கிடைப்பது பழைய கட்டடங்களில்தான் என்பதால், அவ்விலக்கின் சுமை ஏழைகள் தலையில் விழுகிறது. அந்தத் தீவிபத்துக்குப் பின்னரே சட்டம் திருத்தப்பட்டு, 2022 ஜூன் இறுதிக்குள் பழைய விடுதிகளும் தெளிப்பான் பொருத்தவேண்டுமெனக் காலக்கெடு விதிக்கப்பட்டது. செலவில் ஒரு பங்கை அரசு ஏற்றது.

நீர் மட்டும் போதாது. 2022 ஏப்ரலில் யோங்டுங்போ பகுதி விடுதியொன்றில் தெளிப்பான் இயங்கியும் இருவர் உயிரிழந்தனர். அவ்வாண்டு ஜூலை முதல், புதிய கோசிவோன் அறை குறைந்தது 7 சதுரமீட்டர் பரப்பும் வெளிப்புறச் சன்னலும் கொண்டிருக்க வேண்டுமெனச் சியோல் நகரம் விதித்தது. பழைய அறைகளுக்கு இது பொருந்தாது. அவற்றை ஒரேயடியாக இழுத்து மூடுவதும் தீர்வாகாது. அங்கிருந்து வெளியேற்றப்படுவோர் அதனினும் இழிந்த ஒண்டுக்குடித்தனங்களுக்கும் தெருவுக்குமே போவர். சன்னலில்லாத உள்ளறையை வெளிச்சுவரோரத்து அறையோடு இணைத்து ஒன்றாக்கலாம். அதனால் உரிமையாளர் இழக்கும் ஓர் அறை வாடகையைப் பொதுநிதி ஈடுசெய்யாவிட்டால், அத்தொகை எஞ்சியிருக்கும் குடியிருப்போரின் வாடகையில்தான் ஏறும்.