அரங்கம் நிறைந்தால் மட்டும் போதுமா?

கலை நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் நடந்த நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை, வரவு செலவு, வருகை தந்த பிரமுகர்களின் படங்கள் ஆகியவை தவறாமல் இடம்பெறுகின்றன. இவை தேவையே. ஆனால், இவை மட்டுமே மதிப்பாய்வு ஆகிவிடா.

ருக்மிணி தேவி அருண்டேல் 1936-இல் தொடங்கிய கலாக்ஷேத்ரா, 1993-ஆம் ஆண்டின் தனிச்சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. அதன் ஆண்டறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்படுகிறது. இருந்தும், 2023 மார்ச்சில் பாலியல் தொல்லை குறித்து மாணவிகள் போராட்டத்தில் இறங்க நேர்ந்தது. அதன் பின்னரே ஓய்வுபெற்ற நீதிபதி கண்ணன் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. கணக்கைச் சரிபார்க்கும் ஏற்பாடு, மாணவர் குரலைக் கேட்கும் ஏற்பாடு ஆகிவிடாது என்பதே இதன் பாடம்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் (2013), புகார்களின் எண்ணிக்கையை ஆண்டறிக்கையில் குறிப்பிடச் சொல்கிறது. அங்கே 'புகார் இல்லை' என்றிருந்தால் மகிழ்ந்துவிடக் கூடாது. குருவின் ஒரு சொல்லில் மாணவரின் மேடை வாய்ப்பு அடங்கியிருக்கும் துறையில், அது அச்சத்தின் அடையாளமாகவும் இருக்கலாம்.

நிதிநிலையையும் கவனமாகப் படிக்க வேண்டும். பொருளியல் அறிஞர்கள் பாமோலும் போவெனும் 1966-இல் விளக்கிய உண்மை இது: ஆலையில் இயந்திரம் உற்பத்தியைப் பெருக்கும், கலையில் அது இயலாது. இரண்டு நாகசுரமும் இரண்டு தவிலும் கொண்ட மேளத்துக்கு அன்றும் நால்வர், இன்றும் நால்வர். பிற துறைகளில் ஊதியம் உயர உயர, கலையின் செலவும் உயரும். ஆகவே, பற்றாக்குறை என்பதாலேயே நிர்வாகச் சீர்கேடு என்று முடிவுகட்டி, பயிற்சி நேரத்தைக் குறைப்பது தவறு.

அப்படியானால் எவற்றைக் கேட்பது? இடைநின்ற மாணவர் எத்தனை பேர், ஏன்? பயிற்சி முடித்தோர் மூன்றாண்டுகளுக்குப் பின் கலையால் பிழைக்கின்றனரா? கலைஞர்களுக்கு ஊதியம் உரிய நாளில் கிடைத்ததா? புகார் எத்தனை நாளில் தீர்ந்தது? சென்ற ஆண்டுப் பரிந்துரைகளில் நிறைவேறியவை எவை? இவற்றைக் கேட்பவர் நிர்வாகத்துக்குக் கட்டுப்படாத வெளியாராக இருப்பதும், மாணவர்கள் பெயர் குறிப்பிடாமல் பதில் தருவதும் அவசியம்.

இது பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் உரியதன்று. பழனிசெட்டிபட்டி போன்ற ஊரில் இயங்கும் சிறிய நடனப் பள்ளியோ நாடகக் குழுவோ இதை ஒரே பக்கத்தில் எழுதிவிடலாம். அந்தப் பக்கத்தைப் பெற்றோர் முன்னிலையில் ஆண்டுக்கு ஒருமுறை வாசித்தாலே, கலையின் மீதான நம்பிக்கை வளரும்.